கொப்பளித்த தண்ணீர்

கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றினார்கள். எண்ணெயும் அரப்பும் வைத்த தலையிலிருந்து நீட்டிய கால்வரை வழிந்த தண்ணீர், பக்கத்து வாழைப் பாத்திக்குள் ஓடியது. வேலியோரம் நின்ற பாலேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர் விடாதவர்கள், செத்தபிறகு கிணற்றையே இறைக்கிறார்கள்.

அள்ளியவர்கள் வேறு யாருமில்லை, தம்பி தவரூபனோடு சேர்ந்து ஓடிய பெடியன்கள்தான். விளையாட்டுக் கழகத்தின் நீலச் சட்டையோடு வந்திருந்தார்கள். நேற்றுக் காலை அவனும் அந்தச் சட்டையோடுதான் படலையைத் திறந்துகொண்டு போனான்.

கழக ஆண்டுவிழாவின் மரதன் ஓட்டம். நீர்வேலியில் தொடங்கி, மருதனார்மடம் சந்தியைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். வெயிலுக்கு முன்னே ஓடி முடிப்பதாகத்தான் ஏற்பாடு. விடிந்ததும் விடியாததுமாகப் பலாலி முகாம் பக்கமிருந்து ஆமியின் ஹெலி வந்து சுற்றத் தொடங்கியது. ஓட வந்தவர்களும் பார்க்க வந்தவர்களும் பதுங்குகுழிக்குள் இறங்கினார்கள். அது சுற்றி முடித்துப் போனபோது சித்திரை வெயில் நன்றாக ஏறிவிட்டது. இன்னொரு நாள் வைக்கலாமே என்று ஒன்றிரண்டு பேர் சொல்லத்தான் சொன்னார்கள். பயிற்றுநர் அருட்பிரகாசம் மாஸ்டர் கேட்கவில்லை.

"வெயிலுக்குப் பயந்தவன் வீட்டை போகலாம்" என்றாராம். அப்படிச் சொன்னபிறகு எந்தப் பெடியன் வீட்டுக்குப் போவான்?

பாலேஸ்வரி கோப்பாய்ச் சந்தியில் செம்போடு நின்றாள். தேசிக்காய் பிழிந்து உப்புப் போட்ட தண்ணீர். திரும்பி வரும்போது தம்பிதான் முன்னுக்கு வந்தான். அவ்வளவு வெயிலுக்கும் அவன் முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை. அது என்னவோ அவளுக்கு அப்போதே பிடிக்கவில்லை. அவன் செம்பை வாங்கி அண்ணாந்து வாய் நிறைய ஊற்றினான். பின்னால் சைக்கிளில் வந்த மாஸ்டர் கத்தினார்.

"விழுங்காதை! கொப்பளிச்சுத் துப்பு! வயிறு கனக்கும், துப்படா!"

கன்னம் இரண்டும் உப்ப, அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு மாஸ்டரைப் பார்த்தான். துப்பினான். தார் ரோட்டில் விழுந்த தண்ணீர் அவள் பார்த்துக்கொண்டிருக்கவே காய்ந்துபோயிற்று.

அவன் விழுந்தது ஒரு வாழைத் தோட்டத்துக்கு முன்னால். யாரோ தட்டுப்பாட்டுக்குள்ளும் மண்ணெண்ணெய் தேடிப் பிடித்து இறைப்பு மெஷின் போட்டிருந்தார்கள். வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வாழைக்கு இறைப்பு ஒருநாள் தவறினாலே சோறு இறங்காத பிள்ளை, அந்த வாய்க்காலுக்குப் பக்கத்தில் நாக்கு வறண்டு கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் ஒளிவுமறைவில்லாமல் கேட்டார். "உடம்பிலை தண்ணியே இல்லை. சூடு தலைக்கு ஏறிட்டுது. ஆர் உவனைத் தண்ணி குடிக்க விடாமல் ஓட்டினது?" கட்டிலின் ஒரு பக்கம் பாலேஸ்வரி, மறுபக்கம் மாஸ்டர். மாஸ்டர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொழுதுபடமுன் தம்பி போய்விட்டான்.

இன்று செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். விதி என்றார்கள். நாவூறு என்றார்கள். சந்தியில் எதையோ மிதித்துவிட்டான் என்றுகூட ஒருத்தி சொன்னாள். தண்ணீரைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஷெல்லுக்கும் குண்டு போடும் பொம்மருக்கும் தப்ப வைத்து வளர்த்த பிள்ளை, நல்ல தண்ணீர்க் கிணறுகள் நிறைந்த ஊரில் தாகத்தில் செத்தான் என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

குளிப்பாட்டிக் கொண்டுவந்து பெட்டியில் கிடத்தினார்கள். மாஸ்டர் வந்தார். தாய் பூரணம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கடை பிள்ளையல்லோ சேர், உங்கடை பிள்ளையல்லோ" என்று குழறினாள். மாஸ்டர் பெட்டியின் விளிம்பில் நெற்றியை வைத்து அழுதார். நடிப்பில்லை. அதுதான் பாலேஸ்வரியை இன்னும் கொதிக்க வைத்தது. அவர் பொய்யான மனிதராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பாள்.

ஏனென்றால் நாலு வருஷத்துக்கு முன் தம்பி வகுப்புப் பெடியன்களோடு சேர்ந்து துவக்குத் தூக்க இயக்கத்துக்கு என்று புறப்பட்டபோது, சைக்கிளில் துரத்திப் போய் மறித்துக் கொண்டுவந்தவர் இந்த மாஸ்டர்தான். "ஓடவேணுமெண்டால் என்னோடை ஓடடா" என்றாராம். அன்றிலிருந்து அவன் அவருடைய பிள்ளை. அவர் படு என்றால் படுத்தான், எழும்பு என்றால் எழும்பினான். தன் வீட்டுக் கோழியின் முட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து அவனுக்குக் கொடுப்பார். தகப்பன் ஏரம்புவுக்கு மாஸ்டர் என்றால் கோயில்.

"அவரிலை ஒண்டும் சொல்லாதை பிள்ளை" என்று காலையிலேயே மகளிடம் சொல்லிவிட்டார். "அவர் இல்லாட்டி இவனை எப்பவோ பறிகுடுத்திருப்பம்."

"இப்ப மட்டும் என்ன, வைச்சிருக்கிறமோ அப்பு?" என்று கேட்டாள்.

கிரியை முடிந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். பெட்டி தூக்குமுன் இரங்கலுரை. கழகச் செயலாளர் சண்முகநாதன் பந்தலின் நடுவே வந்து தொண்டையைச் செருமினார்.

"எங்கள் அருமை வீரன் தவரூபன் நினைவாக, இந்த வருடம் முதல் ஞாபகார்த்த மரதன் ஓட்டம் நடாத்துவதென்று கழகம் தீர்மானித்திருக்கிறது. முதலாவது ஓட்டம் முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு நடைபெறும்."

பந்தலில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். இந்த ஊரில் ஒரு பெடியன் செத்தால் உடனே அவன் பேரில் ஒரு வெற்றிக் கிண்ணம் செய்துவிடுவார்கள். வீட்டுக்குள் பெண்களோடு இருந்த பாலேஸ்வரி விரல்விட்டு நாளை எண்ணினாள். முப்பத்தோராம் நாள் என்றால் வைகாசி. வெயில் அப்போதும் இதே வெயில்தான்.

அடுத்ததாக மாஸ்டர் எழும்பினார். "என்ன சொல்ல… என்னுடைய சொல்லை ஒருநாளும் தட்டாத பிள்ளை. கடைசிவரைக்கும்…"

அவ்வளவுதான். பாலேஸ்வரி எழும்பிப் பந்தலுக்கு வந்துவிட்டாள். ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில், பெட்டிக்குப் பக்கத்தில், தலைவிரி கோலமாக.

"என்ன சொல் மாஸ்டர்? அந்தக் கடைசிச் சொல் என்னெண்டு எல்லாருக்கும் சொல்லுங்கோ."

பறைமேளக்காரரும் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ பெரியவர், "பிள்ளை, உள்ளுக்கை போ" என்றார்.

"போகமாட்டன். கோப்பாய்ச் சந்தியிலை நான் குடுத்த தண்ணி அவன்ரை வாய்க்குள்ளை இருந்தது. துப்படா எண்டனீங்கள். துப்பினவன். ஆஸ்பத்திரியிலை டாக்குத்தர் என்ன கேட்டவர்? நீங்களும் நிண்டனீங்கள்தானே?"

மாஸ்டரின் உதடு அசைந்தது. "எங்களுக்கும் உப்பிடித்தான் தங்கச்சி பழக்கினவை. தண்ணி குடிச்சால் மூச்சுப் பிடிக்குமெண்டு. நானும் அப்பிடித்தான் ஓடினனான்."

"நீங்கள் இருக்கிறியள். இவன் கிடக்கிறான்."

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏரம்பு மெல்ல வந்து மகளின் தோளில் கை வைத்தார்.

"விடு பிள்ளை. நேரம் போகுது. பெட்டி தூக்கவேணும்."

அவள் மறுபேச்சுப் பேசாமல் திரும்பி நடந்தாள். வீட்டுக்குள் போகவில்லை, கிணற்றடிக்குப் போனாள். ஒரு வாளி அள்ளிச் செம்பையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். பெட்டி தூக்குவதற்காக நீலச் சட்டைக்காரர்கள் வரிசையாக வெயிலில் நின்றார்கள். காலையிலிருந்து நிற்கிறார்கள். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"குடி" என்று முதலாவதாக நின்றவனிடம் செம்பை நீட்டினாள்.

அவன் கையை நீட்டவில்லை. கண் பந்தலுக்குள் நின்ற மாஸ்டரிடம் போயிற்று. வரிசையில் நின்ற அத்தனை பேரின் கண்ணும் அங்கேதான் போயிற்று. பாலேஸ்வரிக்கு அதைக் கண்டதும் அழுகை வரவில்லை, நெஞ்சு எரிந்தது. பெட்டிக்குள் ஒருவன் கிடக்கிறான், இவர்கள் இன்னும் அவரிடம் உத்தரவு கேட்கிறார்கள்.

"குடியடா எண்டு சொல்லுறன்!"

அவன் பயந்துபோய்ச் செம்பை வாங்கி அண்ணாந்தான். வாய் நிறைந்தது. அத்தோடு நின்றுவிட்டான். கன்னம் இரண்டும் உப்பியபடி, மறுபடி மாஸ்டரைப் பார்த்தான்.

மாஸ்டர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். பார்க்க முடியாதவர்போல முகத்தைத் திருப்பினார், பிறகு திரும்பிப் பார்த்தார்.

"விழுங்கு" என்றார். முதல் தரம் அது அவருக்கே கேட்டிராது. "விழுங்கடா. எல்லாரும் குடியுங்கோ."

பெடியனின் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. பாலேஸ்வரி செம்பை வாங்கி, வாளிக்குள் அமிழ்த்தி நிரப்பி, அடுத்தவனிடம் நீட்டினாள்.