தொகை மட்டும் போதும்

ஊரில் போதைப்பொருள் பாவிப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு ஒரு படிவம் வந்தபோது, பள்ளிவாசல் நிருவாகத்தின் செயலாளர் சாலிஹ் மாஸ்டர் அதை மூன்று தடவை வாசித்தார். பெயர் கேட்கவில்லை. வீட்டிலக்கம்கூடக் கேட்கவில்லை.

"தொகை மட்டும் போதும் சேர்" என்றாள் அதைக் கொண்டுவந்த போதைத் தடுப்பு ஆலோசகர் இமக்குலேற். "கூடுதலா உள்ள ஊருக்குத்தான் சிகிச்சை நிலையம் வரும். கிழமைக்கு ரெண்டு நாள் டொக்டர், மருந்து, ஆலோசனை எல்லாம் இலவசம்." கொடுத்த பிளேன்டியைக் குடித்துவிட்டுப் போனாள்.

கூட்டம் இரண்டு மணித்தியாலம் நடந்தது. பெயரில்லாத ஓர் எண்ணை எழுத நம் ஆட்கள் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒன்று என்று போட்டால் அந்த ஒருத்தன் யார் வீட்டுப் பிள்ளை என்று ஊர் தேடும். இருபது என்று போட்டால் வெளியூரில் எவன் இந்த ஊரில் மாப்பிள்ளை எடுப்பான்? கடைசியில், ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் தலைவர் ஜுனைட் ஹாஜியார்தான் முடித்துவைத்தார்.

"நம்மட ஊர்ல அப்பிடி ஒருத்தனும் இல்ல மாஸ்டர். சைபர் எண்டு போடுங்க."

"ஓம், ஓம்" என்றார்கள் எல்லோரும்.

மாஸ்டர் வட்டமாக ஒரு சைபர் போட்டுக் கையெழுத்தும் வைத்தார். முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்த கை, வட்டம் கோணவில்லை. அந்த நேரம் அவருடைய மகன் சியாம், மூன்று நாளாகத் தூக்கமில்லாமல், ஃபேனுக்குள் யாரோ கெமரா வைத்திருக்கிறார்கள் என்று வீட்டில் அதைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

நிலையம் பக்கத்து ஊருக்குப் போயிற்று. அங்கே கோயில்காரரும் சேர்ச்காரரும் கூடியிருந்து, கொஞ்சமும் கூச்சப்படாமல் நாற்பத்தொன்று என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நம் ஊருக்கு விழிப்புணர்வு என்ற பெயரில் ஒரு பெனர், ஒரு பெட்டி நிறையத் தொப்பி, ஓர் ஊர்வலம். சந்தியில் 'போதையற்ற முன்மாதிரி ஊர்' என்று பெரிய போர்டும் நட்டார்கள். ஊர்வலத்தில் பெனரின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் சியாம்தான். நல்ல உயரமான பிள்ளை என்று ஹாஜியார்கூட மெச்சினார்.

அடுத்த மாதம், ஐஸ் போதைப்பொருள் வாங்குவதற்காக அவன் உம்மாவின் தையல் மெஷினைத் தூக்கினான். மறித்த உம்மாவைத் தள்ளியும் விட்டான். முறிந்த கையில் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நபீஸா புருஷனிடம் ஒரேயொரு பேச்சுத்தான் பேசினாள்.

"வழுக்கி விழுந்த எண்டு சொல்லி ஒங்கட மானத்தக் காப்பாத்திட்டன். இனி எண்ட புள்ளையக் காப்பாத்துங்க."

மாஸ்டருக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. பிள்ளை செத்துப்போவான் என்ற பயம். உம்மாவின் கையைக் கண்டதிலிருந்து சியாமும் தலை நிமிரவில்லை. கூப்பிட்டதும் பைக்கில் ஏறிக்கொண்டான்.

முகம் மூடிய ஹெல்மட்டைக் கழற்றாமலே மாஸ்டர் மகனோடு பக்கத்து ஊர் நிலையத்துக்குள் போனார். உள்ளே வாங்குப் பலகையில் ஏற்கனவே ஒரு ஹெல்மட் உட்கார்ந்திருந்தது.

"மாஸ்டரா?" என்றது அது.

ஜுனைட் ஹாஜியார்! பக்கத்தில், போன வருஷம் மகளுக்கு எடுத்த மாப்பிள்ளை, நகத்தைக் கடித்தபடி. இரண்டு பேரும் ஹெல்மட்டைக் கழற்றி மடியில் வைத்தார்கள். இனி எதற்கு?

அங்கே ஆலோசகராக இருந்த இமக்குலேற் சிரிக்கவில்லை. அது அவளுடைய நல்ல குணம்.

"எங்களுக்குத் தந்தது நாப்பத்தொரு இடம் சேர். அது நிரம்பிட்டு. உங்கட ஊர் ஆக்கள் தினமும் வந்து திரும்பிப் போறாங்க. சைபர் எண்டு நீங்க எழுதித் தந்த ஊருக்கு நான் எப்பிடி மருந்து கேக்கிற?" ஒரு தாளை நீட்டினாள். "தொகையத் திருத்தி, தலைவரும் செயலாளரும் கையெழுத்து வைங்க. வாற கிழமையே டொக்டர உங்கட ஊருக்கு அனுப்பக் கேக்கிறன். இப்பவும் பேர் வேணாம்."

மாஸ்டர் பேனையை எடுத்தார்.

"ரெண்டு எண்டு போடுங்க" என்று ஹாஜியார் காதுக்குள் சொன்னார்.

"ரெண்டு எண்டா அது நம்மட வீடுகள்தான் எண்டு ஊருக்கே விளங்கும் ஹாஜியார்."

"அப்ப எத்தின?"

மாஸ்டருக்குத் தெரியவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எண்ணப் பழக்கியவர், அந்தப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்ததேயில்லை. வெட்கமாயிருந்தது. மகன் பக்கம் திரும்பினார்.

"எத்தின பேர் மகன்?"

சியாம் விரல்களை மடக்கினான். ஒரு கை முடிந்தது, மற்றக் கையும் முடிந்தது. திரும்பவும் முதல் கைக்கு வந்து, நடுவில் நிறுத்தினான்.

"நிருவாகத்து ஆக்கள்ட வீடுகளயும் சேத்தா வாப்பா, சேக்காமலா?"

ஹாஜியார் மடியிலிருந்த ஹெல்மட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சேத்துச் சொல்லு மகன்" என்றார் மாஸ்டர்.

அவன் சொன்னான். அவர் எழுதிக் கையெழுத்து வைத்து, பேனையை ஹாஜியாரிடம் நீட்டினார்.