வெர்ன் வீட்டுக்கு ஒரு ஹாட்டிஷ்

டார்லா மூன்றாவது சூப் டின்னையும் திறந்துவிட்டாள். திறந்த பிறகுதான் நினைவு வந்தது, இரண்டு போதும்.

மின்னசோட்டாவின் அந்தச் சிற்றூரில் யாராவது செத்தாலும், குழந்தை பெற்றாலும், இடுப்பெலும்பு முறிந்து படுத்தாலும், யாரும் வந்து கட்டிப்பிடித்து அழுவதில்லை. ஹாட்டிஷ் கொண்டுவந்து கொடுப்பார்கள். கடையில் முழுசாக வாட்டி விற்கும் கோழியைப் பிய்த்துப் போட்டு, இரண்டு டின் கோழி சூப், ஒரு டப்பா புளித்த க்ரீம், உறைந்த பட்டாணியும் கேரட்டும் ஒரு பை, எல்லாவற்றையும் கண்ணாடிப் பாத்திரத்தில் கலந்து, மேலே உறைந்த உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி ஓவனில் தள்ளினால் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. சமைக்கத் தெரியாதவர்கள்கூடக் கெடுக்க முடியாத சாப்பாடு. டார்லா முப்பத்தெட்டு வருடமாகச் செய்கிறாள். ஒருமுறைகூடத் தயங்கியதில்லை. இன்று மட்டும் கோழியிலிருந்து ஒரு சின்ன எலும்பு உள்ளே விழுந்துவிட்டதோ என்று கலவையை மூன்று முறை விரலால் துழாவிப் பார்த்தாள். நான்காவது முறையும் துழாவினாள்.

இது வெர்ன் சாப்பிடப் போகிற ஹாட்டிஷ். வெர்னின் மனைவி கோரின் மூன்று வாரமாக இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். முறித்தது டார்லாவின் கணவன் ஆர்வில் ஓட்டிய வண்டி.

திங்கட்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்தில், வெர்னுக்கு எந்த நாள் யார் சாப்பாடு என்ற பட்டியலைப் பார்த்தவுடனேயே அவள் பெவர்லிக்குப் போன் செய்திருந்தாள். பட்டியல் போடுகிறவள் பெவர்லி.

"வியாழக்கிழமைக்கு என் பேரைப் போட்டிருக்கியே, பெவர்லி."

"ஆமா. பேர் வரிசைப்படி போட்டேன். எப்பவும் போடுற மாதிரிதான்."

"கோரின் மேல மோதினது எங்க வீட்டு வண்டிடி."

"ஐயோ கடவுளே," என்றாள் பெவர்லி. "எனக்குத் தோணவே இல்ல பாரு. எழுதிக்கிட்டே போனேன், உன் பேரும் வந்துடுச்சு." பிறகு சட்டென்று சுதாரித்துக்கொண்டாள். "சரி, இப்ப பேரை அடிச்சா மட்டும் நல்லாவா இருக்கும்? அடிச்ச கோட்டைத்தான் எல்லாரும் பாப்பாங்க. பேசாம செஞ்சு குடுத்துட்டு வா. உருண்டையை மட்டும் தாராளமா போடு. போன செவ்வாக்கிழமை லின்னி குடுத்ததுல மொத்தமே ஒம்பதுதான் இருந்துச்சாம்."

டார்லா உருண்டைகளை வரிசை வரிசையாக அடுக்கினாள். இடைவெளியே இல்லாமல். ஓவனில் வைத்துக் கதவை மூடிய பிறகும் அதன் முன்னாலேயே நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஊரே பார்த்தது. ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடித்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வண்டி நிறுத்துமிடம் முழுக்கப் பனி இறுகிக் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஆர்வில் வேனைப் பின்னால் எடுத்தான். இடப்பக்கமிருந்து கோரின் கேக் தட்டோடு நடந்து வந்தாள். வண்டி வேகமே இல்லை. லேசாகத்தான் பட்டது. ஆனால் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. வழுக்கிவிட்டது என்றார்கள் எல்லோரும். வண்டி வழுக்கியதா, கோரின் வழுக்கினாளா என்று யாரும் பிரித்துக் கேட்கவில்லை. போலீஸ்காரப் பையனும் பனிக்கட்டிதான் காரணம் என்று எழுதிக்கொண்டு போனான்.

டார்லாவுக்கு மட்டும் தெரியும். அங்கே எதுவும் வழுக்கவில்லை.

நவம்பரில் ஒரு நாள் காலை ஆர்வில் எழுந்தபோது அவனுக்கு இடப்பக்கத்தில் பாதி உலகம் இல்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை. திரை போட்ட மாதிரி அந்தப் பக்கம் மட்டும் போய்விட்டது. டாக்டரிடம் போகலாம் என்று அவள் அழுதாள். "போனா முதல்ல லைசென்ஸைப் பிடுங்குவாங்க," என்றான். "ஊருக்கு பதினோரு மைல். நடந்தா போறது? பனி உருகட்டும், போலாம்." யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டான். அவளும் சரி என்றாள். அன்றிலிருந்து வண்டியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இடப்பக்கத்தைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை ஆனது. அவள் இல்லாமல் அவன் வண்டியை எடுப்பதில்லை. அந்த ஞாயிறு ஒரு நாள்தான் எடுத்தான். அவள் கீழ்த்தளத்தில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பனியில் அவள் நடக்க வேண்டாமே என்று வண்டியை வாசலுக்குக் கொண்டுவரப் போனான்.

அவளுக்காகத்தான் போனான்.

"வாசனை ஆளைத் தூக்குதே." ஆர்வில் சமையலறைக்குள் வந்தான். வரும்போதே இடது தோள் நிலைக்கட்டையில் இடித்தது. "ராத்திரியோட ராத்திரியா யாரோ கதவை நகர்த்தி வச்சிட்டாங்க," என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் சுவரில் தொங்கிய சாவியை எடுத்தான்.

"நான் ஓட்டுறேன், ஆர்வில்."

"சூடான பாத்திரத்தை யார் பிடிக்கிறது?"

"பின்சீட்ல வச்சுக்கலாம்."

"போன வருஷம் அப்படித்தான் வச்ச. மே மாசம் வரைக்கும் வண்டியில சூப் வாடை." சாவியைக் கையில் குலுக்கினான். "மூணு வாரமா நான் வண்டியைத் தொடல. இன்னிக்கும் நீ ஓட்டிக்கிட்டுப் போய் இறங்கினா வெர்ன் என்ன நினைப்பான்?"

என்ன நினைப்பான் என்பது அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டாள்.

பாத்திரத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அடியில் அவள் பெயர் எழுதிய காகித நாடா ஒட்டியிருந்தது. எல்லோர் பாத்திரமும் அப்படித்தான் வீடு திரும்பும். மணி ஐந்துகூட ஆகவில்லை, அதற்குள் வயல்வெளி நீலமாகிக்கொண்டிருந்தது. ஆர்வில் மெதுவாகத்தான் ஓட்டினான். ஒவ்வொரு சந்திப்பிலும் நிறுத்தி, "இடப்பக்கம்?" என்று கேட்டான். "போ," என்றாள். அடுத்த சந்திப்பில், "இரு, டிராக்டர்... ம், போ." பழகிப்போன பாட்டு மாதிரி இருந்தது.

நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் பாத்திரம் சற்றுச் சரிந்தது. சூடான குழம்பு துண்டைத் தாண்டி அவள் தொடையில் பட்டது. "ஸ்ஸ்" என்று குனிந்தாள். ஒரே ஒரு நொடி. வண்டி நகர்ந்தது.

ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. ஆர்வில் பிரேக்கை மிதித்தான். பால் டேங்கர் ஒன்று அவர்கள் மூக்குக்கு முன்னால் முழு நீளத்துக்கும் ஓடி முடிந்தது. அது கிளப்பிய பனித்தூள் கண்ணாடியில் வந்து அப்பியது. துடைப்பான் இரண்டு தடவை ஆடி அதைத் தள்ளியது.

"நீ ஒண்ணும் சொல்லலயே," என்றான் ஆர்வில்.

"ஒண்ணும் சொல்லலன்னா போலாம்னு யாரு சொன்னது?"

"கத்தாத டார்லா."

"நான் கத்தல," என்றாள். கத்திக்கொண்டுதான் இருந்தாள். மடியிலிருந்த பாத்திரத்தை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வெர்ன் கதவைத் திறந்து ஆறடி உயரத்துக்கு நின்றான். சட்டை கசங்கியிருந்தது. முகத்தில் நாலு நாள் தாடி. பாத்திரத்தை வாங்கி மூடியைத் தூக்கிப் பார்த்து, "ஆகா, உருண்டையா! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றான். "உள்ள வாங்க. சாப்பிட்டுட்டுப் போலாம்."

"இல்ல இல்ல, நாங்க கிளம்புறோம்."

"அட, வாங்கப்பா."

"வேண்டாம் வெர்ன், உனக்குன்னு செஞ்சது."

"தனியா தின்னு தின்னு எனக்கே அலுத்துப்போச்சு. வாங்க."

மூன்றாவது முறை கூப்பிட்டால் மறுப்பது அந்த ஊரில் மரியாதை இல்லை. உள்ளே போனார்கள். மேசை மேல் கழுவி அடுக்கிய பிறர் வீட்டுப் பாத்திரங்கள் நிறைய இருந்தன. வெர்ன் அவற்றை ஓரம் தள்ளி மூன்று தட்டு வைத்தான். டார்லா பரிமாறினாள். வெர்ன் ஜெபம் சொன்னான். ஆமென் சொன்ன பிறகும் தலையை நிமிர்த்தவில்லை.

"ஆர்வில், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு வாரமா தொண்டையில நிக்குது."

டார்லா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த ஞாயித்துக்கிழமை பார்க்கிங்ல பனி உருக உப்பு போட வேண்டியது என் முறை," என்றான் வெர்ன். "படிக்கட்டுல ஒழுங்கா போட்டேன். மிச்ச இடத்துல ரெண்டு கை விசிறிட்டு உள்ள ஓடிட்டேன். எதுக்குத் தெரியுமா? காபி ஆறிடுமேன்னு. முப்பது வருஷமா போடுறேன், அன்னிக்குப் பாத்து சோம்பேறித்தனம். போலீஸ்காரப் பையன் பனிக்கட்டின்னு எழுதிட்டான். பனிக்கட்டின்னா என்னப்பா அர்த்தம்? நான்னு அர்த்தம்."

"சீச்சீ, அப்படியெல்லாம் இல்ல வெர்ன்..." என்றான் ஆர்வில். அடுத்த வார்த்தைக்காக டார்லாவின் உடம்பு முழுக்கக் காதாக இருந்தது. "யாருக்கும் வழுக்கும்," என்று முடித்தான்.

"எனக்குத் தூக்கம் வரல. கோரின்கிட்ட சொன்னேன், உன்னை இப்படி ஆக்கினது நான்தான்னு. அவ சிரிக்கிறா. நீ முதல்ல தாடிய எடுன்னு சொல்றா." வெர்ன் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "உன்னைப் பத்திதான் அவளுக்குக் கவலை. பாவம் ஆர்வில், மனசு உடைஞ்சிருப்பான்னு. சனிக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்புறாங்க. என் காரு பள்ளத்துல உக்கார்ற மாதிரி இருக்கும், இடுப்பு தாங்காது. உங்க வேன்ல சீட்டு உயரம். அவளே சொன்னா, ஆர்வில் வந்து என்னைக் கூட்டிட்டுப் போகட்டும், எனக்கு அவன் மேல ஒண்ணும் இல்லன்னு ஊரும் பாக்கும், அவனுக்கும் தெரியும்னு. நாற்பது மைல்தான். வருவியா?"

ஆர்வில் வாயில் இருந்ததை விழுங்கினான். டார்லா அவனையே பார்த்தாள். இல்லை என்று சொல்லேன், என்று மனதுக்குள் கெஞ்சினாள். முதுகு வலி என்று சொல். வண்டி ரிப்பேர் என்று சொல். எதையாவது சொல்.

"கண்டிப்பா," என்றான் ஆர்வில். "அதுக்கென்ன. டார்லாவும் கூட வருவா."

"வேணாம்டா, பின்சீட்டு முழுக்க அவ காலை நீட்டணும். முன்னால நான் உக்காந்துக்கறேன். நீயும் நானும் போதும்."

ஆர்வில் தலையை ஆட்டினான். ஆட்டியது ஆமாம் என்பதுபோலவே இருந்தது. மூவரும் சாப்பிட்டார்கள். நாற்பது மைலில் எத்தனை சந்திப்புகள் என்று டார்லா மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். நெடுஞ்சாலை, ரயில் தண்டவாளம், சோளக் கிடங்கு வளைவு, பள்ளிக்கூடம். வெர்ன் முன்னால் உட்கார்ந்து கோரின் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டே வருவான். இடப்பக்கம் யார் பார்ப்பார்கள்?

ஆர்வில் முள்கரண்டியை வைத்தான். "வயிறு நிறைஞ்சுது. நல்லா இருந்துச்சு டார்லா."

அவன் தட்டில் வலது பாதி துடைத்த மாதிரி இருந்தது. இடது பாதியில் ஹாட்டிஷ் தொடாமல் இருந்தது, நடுவில் அளவுகோல் வைத்து வெட்டியதுபோல. கோழி, பட்டாணி, நாலு உருண்டை. நவம்பரிலிருந்து வீட்டில் ஒவ்வொரு வேளையும் இப்படித்தான். அவன் முடித்துவிட்டேன் என்பான். அவள் எதுவும் பேசாமல் கையை நீட்டித் தட்டைத் திருப்பி வைப்பாள். அவன் மறுபடி சாப்பிடுவான்.

அவள் கை தானாகவே மேசைமேல் பாதி தூரம் போனது.

நின்றது. டார்லா அதைப் பின்னால் இழுத்து மேசைக்குக் கீழே கொண்டுபோய் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"என்னடா, உருண்டையை விட்டுட்ட?" வெர்ன் சிரித்தான். "லின்னிக்குத் தெரிஞ்சா சண்டைக்கு வருவா."

"எங்க விட்டேன்? எல்லாத்தையும் தின்னுட்டேன்," என்றான் ஆர்வில், தட்டைப் பார்த்துக்கொண்டே.

வெர்னின் சிரிப்பு அப்படியே நின்றது. தட்டைப் பார்த்தான். ஆர்வில் முகத்தைப் பார்த்தான். பிறகு டார்லாவைப் பார்த்தான். அவள் கண்ணை விலக்கவில்லை.

வெர்ன் மெல்ல எழுந்து, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, ஆர்வில் தட்டின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்தான். சத்தம் வராமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். உருண்டைகள் ஒவ்வொன்றாக வலப்பக்கம் வந்தன. ஆர்வில் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முள்கரண்டியை எடுக்கவில்லை. வெர்னும் தட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.