பிரிவினர்

"வந்துட்டா பாரு, ஒடனே செவந்துருச்சு!"

மகாராணியம்மாள் ஒரு கையில் சாம்பிராணிக் கரண்டியும் மறு கையில் செல்போனுமாகப் போட்ட சத்தத்தில், பின்வாசலில் ஏலக்காய்ச் செட்டுச் சாவிக்கு நின்ற வேலைக்காரி சந்திரவல்லி இரண்டடி பின்னால் போனாள்.

போடியில் வேறு எந்த ஏலக்காய் வியாபாரி வீட்டிலும் இல்லாதது தன் வீட்டில் இருக்க வேண்டும் என்பது மகாராணியம்மாளின் கொள்கை. அப்படி வந்து சேர்ந்ததுதான் காற்றுப் பார்க்கும் பெட்டி. மருமகள் சுசித்ராவுக்கு ஏழாம் மாதம், கூடவே மூச்சிழுப்பு. சென்னையில் இருக்கும் மகன் கவலைப்பட்டு அனுப்பியிருந்தான். சோப்பு டப்பா அளவுதான். காற்று நன்றாக இருந்தால் மகாராணியம்மாளின் செல்போனில் சின்ன எண்ணும் பச்சையும், கெட்டால் பெரிய எண்ணும் சிவப்பும்.

சிவப்புக்குக் கீழே அரைகுறைத் தமிழில் ஒரு வரி வரும். அதைக் கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்: 'எளிதில் பாதிக்கும் பிரிவினர், எச்சரிக்கை.' பிரிவினர் என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. சாதிச் சான்றிதழில் தவிர வேறெங்கும் அந்தச் சொல்லை அவள் பார்த்ததில்லை.

"போனே சொல்லுது! எந்தப் பிரிவுன்னு நான் வேற சொல்லணுமாக்கும்?"

தினமும் எட்டரைக்கு வீட்டுக்குள் ஆள் முகம் தெரியாத அளவுக்குச் சாம்பிராணி போடுவாள். அதே எட்டரைக்குத்தான் சந்திரவல்லி சாவி வாங்க வருவாள். புகையை விட்டுவிட்டு ஆளைப் பிடிப்பது மகாராணியம்மாளுக்குச் சுலபமாக இருந்தது.

அன்றே சட்டம் வந்தது. சாவி இனி வேப்பமரத்து ஆணியில் தொங்கும். வீட்டைப் பார்த்திருந்த செட்டு சன்னலுக்குப் பூட்டு. கொல்லைப்புறச் செட்டுக்கு இருந்ததே அந்த ஒரு சன்னல்தான். உள்ளே நான்கு பெண்கள் ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிப்பார்கள். காம்பும் தோலும் தூசியாகி மலைமூட்டம் போல நிற்கும்.

நாலாம் நாள் சந்திரவல்லி முற்றத்துக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். "அம்மா, சன்னல மட்டும் தொறந்து விடுங்க. நெஞ்சடைக்குது. நேத்து எச்சியில ரத்தம் வந்துச்சும்மா."

"ஒன் நெஞ்சப் பாத்தா எம் பேரப்புள்ள நெஞ்ச யாருடி பாக்குறது? போயி சோலியப் பாரு."

அடுப்படியில் சுசித்ரா கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாமியார் மதியத் தூக்கத்தில் இருந்தபோது பெட்டியையும் செல்போனையும் எடுத்துக்கொண்டு செட்டுக்குப் போனாள். சிவப்பையும் தாண்டி, காய்ந்த ரத்தத்தின் நிறம் காட்டியது. வேலையை நிறுத்தி இருமிக்கொண்டிருந்த சந்திரவல்லியோடு வாய்க்காலைத் தாண்டி அவள் தெருவுக்கு நடந்தாள். குரங்கணி மலைப் பக்கத்துக் காற்று நேராக வந்து விழுகிற தெரு. இருபத்தெட்டு. பச்சை. பல நாள் கழித்து சுசித்ராவுக்கு நெஞ்சு முழுக்க மூச்சு வந்தது. சந்திரவல்லி கொடுத்த டீயையும் குடித்தாள். அந்த எண்ணைக் காட்டுவதற்காகவே, அது மாறாமலிருக்கப் பெட்டியை அங்கேயே நிறுத்தி எடுத்து வந்தாள்.

வாசலிலேயே மகாராணியம்மாள் மறித்தாள். "வயித்துப் புள்ளக்காரி எங்கடி போன?"

"நீங்க சொன்ன பிரிவினர் யாருன்னு பாத்தேன் அத்தே. அந்த வரியத் தொட்டா கீழ வெவரமாப் போட்டுருக்கான். கர்ப்பிணி, மூச்சிழுப்புக்காரங்க, அறுவது தாண்டுனவுக. இந்த வீட்டுல அது நானும் நீங்களுந்தான்." செல்போனை நீட்டினாள். "இது சந்திரவல்லி அக்கா தெருக் காத்து. பச்சை."

மகாராணியம்மாளின் காதில் கடைசிப் பேச்சு மட்டும்தான் ஏறியது. "பெட்டிய அங்கயா கொண்டுபோன!"

ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் கரைத்தாள். தெளித்ததில் திருப்திப்படாமல், பெட்டியின் துளைகளில் ஊற்றியே தீட்டுக் கழித்தாள். மறுபடி போட்டபோது பெட்டி ஒருமுறை முனகி அடங்கியது. அதன் பிறகு செல்போனில் கடைசியாக நின்ற அந்த எண் மாறவே இல்லை.

"தீட்டுக் கழிஞ்சதும் பாத்தியா பொன்னுமணி, எப்பப் பாத்தாலும் இருவத்தெட்டு!" என்று மறுவாரம் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டினாள். சாம்பிராணிப் புகையில் பொன்னுமணிக்கு இருமல் வந்தது, இருமிக்கொண்டே ஆச்சரியப்பட்டாள்.

அந்த நேரம் சந்திரவல்லி பின்வாசலுக்கே வந்து நின்றாள். ஆணிப்பக்கம் போகவில்லை.

"நான் வந்தும் பச்சைதானேம்மா?"

பொன்னுமணி பார்த்துக்கொண்டிருந்தாள். மகாராணியம்மாள் தலையை ஆட்டிவைத்தாள்.

"அப்ப சன்னல் சாவியும் கொண்டாங்க."

சுசித்ராதான் எடுத்து வந்து கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்ட சந்திரவல்லி, செல்போனை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அது எங்க தெருக் காத்தும்மா. பத்தரமா வச்சுக்கங்க."