பட்டியலில் நாலாவது பெயர்

...அப்படியானால் அந்த வைஃபை பெட்டி நெட்டைத் தயாரிப்பதில்லை, பங்கு போட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான், வெளியிலிருந்து ஒரே கம்பியில் வருவதை வாங்கி, வீட்டிலிருக்கிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் கொடுத்து, இந்தா உனக்கு, இந்தா உனக்கு என்று பிரித்து அனுப்புகிறது, இதையா ஐந்து வருடமாக வெடிகுண்டு மாதிரி தொடாமல் வைத்திருந்தோம்! தையல்காரிக்குத் தனியாகவே சிரிப்பு வந்தது. மணி பத்தே கால், பதினோரு மணிக்கு அவளுடைய முதல் இணைய வகுப்பு, சட்டைக்குக் காலர் வெட்டித் தைப்பது, முப்பத்தெட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், முப்பத்தெட்டு! நேற்று தையல் அறையில் ஒத்திகை பார்த்தபோது படம் உறைந்துபோய், திறந்த வாய் திறந்தபடியே நின்றாள், "மீன் மாதிரி இருக்கேம்மா" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள், இன்று அவளும் கல்லூரிக்குப் போய்விட்டாள், யாரைக் கூப்பிடுவது... காலையில் சேவை மையத்துக்குப் போன் போட்டபோது அங்கே எடுத்த ஆள், "பாக்ஸ் எங்க வச்சிருக்கீங்க மேடம்?" என்றான், நடையில, பீரோவுக்குப் பின்னாடி, "இரும்பு பீரோவா?" ஆமா, அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. இரும்பு அலையைத் தடுத்துவிடுமாம், போனில் வைஃபை என்று காட்டுகிற இரண்டு பெயரும் இரண்டு அலையாம், ஒன்று தூரம் போகும் ஆனால் நிதானம், ஐந்து என்று முடிகிற மற்றது பறக்கும், சுவரைக் கண்டால் சுருண்டுவிடும், பெட்டிக்கும் தையல் அறைக்கும் நடுவில் இரண்டு சுவர், அதனால்தான் மீன்! எவ்வளவு நேரான கணக்கு, ஏன் யாரும் இதை அவளுக்குச் சொல்லவில்லை, அவளும் ஏன் கேட்கவில்லை...

பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்தாள், கடவுச்சொல் கேட்டது, அதுவும் முதுகிலேயே இருந்தது, திறந்துகொண்டது! அடடா, உள்ளே ஒரு வீடே இருக்கிறதே, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல், பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகளாக அலையின் பலம். அவளுடைய போன், கம்ப்யூட்டர், டிவி, நாலாவதாக... பெரியவன். ஆங்கில எழுத்தில், ஒரே ஒரு கோட்டோடு. அண்ணனின் போன். அவன் வாங்கிய அன்று மகள்தான் விளையாட்டாக அந்தப் பெயரை அதில் போட்டுக் கொடுத்தாள், மாமா மாமா என்று அவன் தோளில் தொங்கிக்கொண்டிருந்த காலம். இப்போது ஒரே வீட்டின் இரண்டு பாதிகள், நடுவில் சுவர், இரண்டு வருடமாகப் பேச்சில்லை, அம்மா போன அன்று எல்லார் முன்னாலும், "நீ மெஷினை ஓட்டிக்கிட்டே இருந்தே, அம்மா கூப்பிட்டது உனக்கு எப்படிக் கேக்கும்?" என்றானே, அதற்கு அவளும் சொல்லக்கூடாததைச் சொன்னாள்... வேண்டாம், மணி பத்தரை. அவனுக்குத்தான் தனியாக நெட் இருக்கிறதே, போன மாதம் ஆள் வந்து ஏணி போட்டு மாட்டிவிட்டுப் போனானே, பிறகு இதில் எதற்கு?

"தெரியாத போன் ஏதாவது இருந்தா பாஸ்வேர்டை மாத்திடுங்க மேடம்" என்று அந்த ஆள் சொல்லியிருந்தான். தெரியாத போனா இது? பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பெட்டியை நகர்த்த வேண்டும். மகள் வாங்கி வைத்திருந்த நீளக் கேபிளைப் பிரித்தாள், நடையிலிருந்து சுவரோரமாக, கதவிடுக்கு வழியாக, தையல் அறை அலமாரியின் உச்சிக்கு, முட்டி வலித்தது, சட்டை செய்யவில்லை, ஒரு முனையை அங்கே செருகி, மறுமுனையை இங்கே, விளக்குகள் சிவப்பு, சிவப்பு, இன்னும் சிவப்பு, கெடுத்துவிட்டோமோ, முப்பத்தெட்டுப் பேருக்கு என்ன சொல்வது... பச்சை! ஒன்று, இரண்டு, மூன்றும் பச்சை! "வந்துடுச்சுடி!" என்று யாருமில்லாத அறையில் கத்தினாள், கம்ப்யூட்டரில் தன் முகத்தைப் பார்த்துக் கையை ஆட்டினாள், படமும் ஆட்டியது, உடனே ஆட்டியது, மீன் இல்லை, மனுஷி!

பட்டியலை மறுபடி திறந்தாள். மூன்று பெயர்கள். நடைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளித்தான் அவனுடைய கூடம், பெட்டி நகர்ந்ததும் அவன் விடுபட்டுவிட்டான், நியாயம்தானே, அவள் வேண்டுமென்று செய்யவில்லையே, ஆனாலும் நெஞ்சில் ஏதோ நூல் அறுந்த மாதிரி... பத்து ஐம்பத்தைந்து, காலர் துணியை எடுத்து வைத்தாள், கத்தரிக்கோல், சாக்கட்டி, ஒவ்வொருவராகத் திரையில் முகம் காட்டத் தொடங்கினார்கள், அம்மாடி, எத்தனை பேர், ஒரு கிழவர்கூட இருக்கிறார்! கடைசியாக ஒரு தடவை பட்டியலைப் பார்த்துவிட்டு மூடலாம் என்று நினைத்தாள்.

பெரியவன். நாலு கோடு.

நாலா? தையல் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய பழைய சாமான் அறை, உட்கார இடமே கிடையாது, அங்கே போனால்தான் நாலு கோடு கிடைக்கும், அங்கே எதற்குப் போனான், நெட்டுக்கா, இல்லை... "டீச்சர், ஆரம்பிக்கலாமா?" என்று யாரோ கேட்டார்கள். ஆரம்பிச்சிடலாம், என்றாள், குரல் வழக்கத்தைவிட உரக்க வந்தது, சாக்கட்டியால் முதல் கோட்டை இழுத்தபோது, யாருக்குக் கேட்க வேண்டுமென்று இப்படிக் கத்துகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.