மூடி மேல் வைத்த பொட்டு

"முதல்ல அந்தச் சேவலை வெளிய கொண்டு போங்க, பெரியத்தான். மரத்தூளையெல்லாம் கிளறுது."

"அதுக்காகத்தானம்மா கொண்டாந்திருக்கேன். வெளிய கொண்டு போயி என்ன செய்ய?"

"எதுக்காக?"

"மிஷினுக்கு."

முப்பிடாதியம்மாள் தலை நிமிரவில்லை. கொல்லைக் கொட்டகையில் வட்ட ரம்பத்தின் முன்னால் குனிந்து, பல்லுக்குப் பல் அப்பியிருந்த வேப்பம்பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கொண்டையை இறுக்கி முடிந்து, முந்தானையைச் சுற்றிச் செருகியிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் விசைத்தறியில் வேலை பார்த்த பழக்கம். மடியில் மட்டும் எதுவோ புடைத்துக்கொண்டு நின்றது.

"மடியில என்னத்த முடிஞ்சிருக்க?"

"என் கையை."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. வந்த காரியத்தைச் சொல்லுங்க."

செங்கோட்டைப் பக்கம் மூடிப்போன ஒரு மர மில்லிலிருந்து வந்த பழைய மிஷின் அது. அதை நம்பித்தான் அவள் புருஷன் ஆறுமுகச்சாமி, அண்ணன் வெள்ளத்துரையின் வயலையும் பனவடலிசத்திரத்தையும் விட்டு, சங்கரன்கோவிலுக்கு வந்து கதவு, ஜன்னல் செய்து பிழைத்தான். ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் அது அவன் இடது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டது. இப்போது கார்த்திகை. புண் ஆறிவிட்டது. ஆனால் அவன் கொட்டகைக்குள் கால் வைப்பதில்லை. அண்ணன் வந்திருக்கிற இந்த நேரத்திலும், கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"ஒருக்கா ருசி பாத்துட்டுன்னா விடாது," என்றார் வெள்ளத்துரை. "குறி சொல்லுத கோடாங்கி சொல்லிட்டாரு. சேவலை அறுத்து மேல சிந்திட்டு, உடனே ஏத்தி விட்டுரணுமாம். பழைய இரும்பு எடுக்க காசிராஜன் வண்டியோட வந்து நிக்கான்."

"நிக்கேன், நிக்கேன்," என்று தெருவிலிருந்து காசிராஜன் குரல் வந்தது. "மாடுதான் நிக்க மாட்டேங்கு."

"ஏத்தி விட்டா, பிறவு?"

"பிறவு என்ன? தம்பி ஊருக்கு வருவான். நான் சொல்லுத வேலையைப் பாத்துக்கிட்டு என் நெழல்ல இருப்பான்."

"அந்த நெழல்ல இருந்துட்டுத்தான பெரியத்தான் இங்க வந்தோம்."

"தறிகாரிக்கு வாய் நீளம்லே," என்று வெள்ளத்துரை தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

அவளும் அவனைத்தான் பார்த்தாள். "ஏங்க, நீங்க என்ன சொல்லுதீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல?" ஆறுமுகச்சாமி தரையைப் பார்த்தான். "ஏட்டி, அது ரத்தம் கேட்டுட்டு."

"எந்த வாயால கேட்டுச்சு? இந்த வாயிலயா? பிசினுதான் இருக்கு."

அதற்கு மேலும் சொல்ல ஒரு விஷயம் இருந்தது.

ரம்பத்துக்கு மேலே ஒரு தகர மூடி உண்டு. பலகை போக வழி விட்டு, மற்றப் பல்லையெல்லாம் அது மறைத்துக்கொள்ளும். வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூசைக்கு மட்டும், மூடியைக் கழற்றி ரம்பத்தில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். ஊரிலே எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான். மறுநாள் மாலையை எடுத்துவிட்டு மூடியைப் போட வேண்டும். அன்றைக்கு ரத்தத்தோடு அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அவள் கொட்டகைக்குள் வந்தபோது, மூடி பூசைப் பலகையில் கிடந்தது. பொரியும் வாழைப்பழமும் அதன் மேலே. அவனும் அதைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மிஷின் காவு கேட்டது என்று ஊர் சொன்னபோது அவன் அந்தப் பேச்சுக்குள் போய் ஒளிந்துகொண்டான். அண்ணன் முன்னால் அங்கிருந்து அவனை இழுத்துப்போட அவளுக்கு மனசு வரவில்லை. மிஷினைக் கொடுக்கவும் மனசு வரவில்லை.

"அவன் சரின்னுட்டான். நகரும்மா," என்று வெள்ளத்துரை உள்ளே வந்தார். ஒரு கக்கத்தில் சேவல். மறு கையில் பொட்டலம். "கோமதியம்மன் புத்துமண்ணு. முதல்ல இதைப் பூசிருதேன்."

"எங்க பூசப் போறீங்க?"

"இந்தா, சுத்துத இடத்துல."

"ஐயையோ, அது பேரிங்கு! இப்பத்தான் அழுக்கெல்லாம் வழிச்சிட்டு புதுக் கிரீஸ் அடைச்சிருக்கேன். மண்ணு உள்ள போச்சுன்னா அரைச்சுத் தின்னுரும்."

"அம்மன் மண்ணையா குத்தம் சொல்லுத?"

"மண்ணைச் சொல்லல, வைக்கிற இடத்தைச் சொல்லுதேன். உங்க தம்பி நெத்தியில பூசுங்க. பயம் அங்கனதான் இருக்கு."

காசிராஜன் வெளியே சிரித்துவிட்டான். வெள்ளத்துரைக்கு முகம் கறுத்தது.

"பொம்பள, நீ இதை ஓட்டிருவியோ?"

"ஓட்டுவேன். வீடு கட்டுதவங்க நாலு கதவு சொல்லிட்டுக் காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க வண்டியை அனுப்புங்க."

"அனுப்ப மாட்டேன்."

"அப்ப நிக்கட்டும். வெறும் வண்டிதான நிக்கி."

ரம்பத்தைச் சுற்றிவிட்டுப் பார்க்க அவள் இரண்டு கையாலும் பல்லைப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துச் சேவல் கக்கத்திலிருந்து திமிறியது. இறக்கையை விரித்து ரம்ப மேஜை மேலே பறந்தது. "ஏலே, புடி!" என்று வெள்ளத்துரை பாய்ந்தார். தோளில் தொங்கிய துண்டு, சாய்த்து வைத்திருந்த ஒரு பலகையில் மாட்டி இழுக்க, கால் மரத்தூளில் வழுக்க, அவர் தூண் மேல் போய் விழுந்தார். தூணில்தான் மிஷினை ஓடவிடும் ஸ்டார்ட்டர் இருந்தது. முழங்கை இடித்துப் பச்சைப் பொத்தான் டக்கென்று உள்ளே போயிற்று.

அவள் கை இரண்டும் ரம்பத்தில் இருந்தன.

"ஏட்டி!"

இத்தனை நாள் வாசலைத் தாண்டாத ஆறுமுகச்சாமி ஒரே தாவலில் உள்ளே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவளை அணைத்துக்கொண்டு மரத்தூளில் சாய்ந்தான்.

"கை இருக்காட்டி? கை இருக்கா?"

"இருக்கு. எண்ணிப் பாத்துக்கோங்க."

மிஷின் ஓடவில்லை. ஒரு முனகல்கூட இல்லை.

"யாருக்கு என்னாச்சு?" என்றான் காசிராஜன் வெளியிலிருந்து.

வெள்ளத்துரை தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "பாத்தியா... பாத்தியா, மறுபடியும் கேட்டுட்டு!"

"கேட்டது மிஷினா, உங்க முழங்கையா?"

அவள் மடியை அவிழ்த்தாள். வெள்ளைப் பீங்கானில் மூன்று ப்யூஸ் கட்டைகள்.

"கரண்டு வராதபடி போர்டுலேருந்து இதைப் புடுங்கி மடியில முடிஞ்சிட்டுத்தான் நான் இதுல கை வைப்பேன். அங்கன மேல வச்சிருந்தா எவராவது மாட்டிருவாங்க. மடியில இருந்தா என்னைக் கேட்டுத்தான எடுக்கணும்?"

வெள்ளத்துரை அந்தக் கட்டைகளையும் அவள் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். சேவல் மேஜை மேல் நின்று ஒரு தடவை கூவியது.

"அண்ணே," என்றான் ஆறுமுகச்சாமி. தரையில் உட்கார்ந்தபடியே பேசினான். "அது கேக்கல."

"என்னல சொல்லுத?"

"மிஷினு ஒண்ணும் கேக்கல. நான்தான் மூடியைப் போடல. மூடினா பொட்டு மறைஞ்சிருமேன்னு விட்டுட்டேன். புதுப் பொட்டு, ஒரு நாளைக்கு இருக்கட்டும், ஒரு பலகைதான அறுக்கப் போறோம்னு..." துண்டை உருவிப் போட்டு, விரல் போன கையை அண்ணன் முன்னால் நீட்டினான். "பலகை எகிறிச்சு. கை உள்ள போயிட்டு. மறைக்க மூடி இல்ல. அம்புட்டுதான்."

"இதை ஏம்லே அப்பவே சொல்லல?"

"சொன்னா முட்டாப்பயன்னு சொல்லுவீங்க."

"இப்பவும் அதைத்தான சொல்லுவேன்!"

"சொல்லிக்கோங்க. ஆனா மிஷினைக் கொண்டு போக முடியாது."

முப்பிடாதியம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த தகர மூடியை எடுத்து வந்தாள். இருவரும் சேர்ந்து திருகு முடுக்கினார்கள். அவன் ஒரு தடவை முடுக்கினால் அவள் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். பெல்ட்டை அழுத்திப் பார்த்தாள். பலகையைத் தள்ளுகிற கட்டையைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.

"குங்குமம் வச்சிருக்கீங்களா, பெரியத்தான்?"

வெள்ளத்துரை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் மூடியின் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

"இனிமே இங்கதான். எந்தப் பூசை வந்தாலும் மூடி கழலாது."

"ஊர்ல எவனும் அப்படி வைக்கதில்ல."

"ஊர்ல வைக்கதோட லெச்சணம்தான் தெரியுதே," என்று அவள் புருஷனுடைய கையைக் காட்டினாள். "இப்ப அந்தத் துண்டைத் தோள்லேருந்து எடுங்க, பெரியத்தான்."

"என்னது? தம்பி பொண்டாட்டி முன்னால துண்டில்லாம நிக்கவா?"

"தொங்குத துணி எதுவும் இதுக்குப் பக்கத்துல ஆகாது. இப்ப உங்களை இழுத்துப் போட்டதே அதுதான். மாட்டேன்னா வெளிய போயி மாட்டைப் புடிங்க."

"அனுப்பி விடும்மா," என்றான் காசிராஜன். "ஒரு ஆள் வேணும் எனக்கு."

வெள்ளத்துரை, சேவலைக் கட்ட வேண்டியிருக்கிறது என்பதுபோலத் துண்டை எடுத்தார். மேஜை மேலிருந்ததை அமுக்கிப் பிடித்துத் துண்டில் சுற்றி, பிள்ளையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வெறும் தோளோடு வாசலுக்குப் போய் நின்றார்.

"இதை என்ன செய்ய?"

"குழம்பு வைப்போம். சாப்பிட்டுட்டுப் போங்க."

அவள் ப்யூஸ் கட்டைகளைப் புருஷனிடம் நீட்டினாள். "நீங்க மாட்டுங்க."

அவன் வாங்கிக்கொண்டான். மூன்று விரலுக்குள் முதல் கட்டை நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டான். போர்டு வரை போய், திரும்பி, எல்லாரையும் பார்த்தான்.

"கையைக் காட்டுங்க. யாரு கை எங்க இருக்குன்னு நான் பாக்கணும்."

அவள் இரண்டு கையையும் தூக்கினாள். வாசலில் நின்ற வெள்ளத்துரை முறைத்தார். முறைத்துக்கொண்டே, சேவலோடு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

"வண்டியைத் திருப்பவா?" என்றான் காசிராஜன்.

"திருப்பும்வே!" என்று உள்ளேயிருந்து கத்திவிட்டு, ஆறுமுகச்சாமி கட்டைகளை மாட்டினான்.