பகலில் தூங்கிய அப்பா

பேத்தி பாத்திர மூடியைக் கரண்டியால் அடித்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி ஓட, தாத்தா படுத்தபடியே தாளம் சொன்னார். சமையலறையில் நின்ற அவர் மகளுக்கு ஒவ்வோர் அடியும் நெஞ்சில் விழுந்தது.

அப்பா இரவுப் பேருந்து ஓட்டியவர். விடிந்தபின் வந்து படுப்பார். பகலெல்லாம் அந்த வீட்டில் ஈ பறந்தாலும் குற்றம். அம்மாவும் அவளும் உதட்டசைவிலேயே பேசிக்கொள்வார்கள். ஒருமுறை தம்ளர் கைதவறி விழுந்தபோது, அவள் அழுவதற்கு முன்பே அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

அம்மா போய்ச்சேர்ந்தபின், ஓய்வுபெற்ற அப்பா மகளோடு இருக்க வந்துவிட்டார். அவளும் கணவனும் வேலைக்குப் போக, குழந்தையைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் வாய் ஓயாமல் கதை சொல்வதும் அவர்தான்.

அன்று மாலை மழலையர் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. தாத்தாவும் கூட வந்தார்.

"இந்த வாண்டு வாயைத் திறந்தா மூடறதே இல்ல. எல்லாம் தாத்தா வேலையா?" என்று சிரித்தாள் டீச்சர்.

"ஹாரன் அடிச்சே பொழைச்ச வம்சம்மா!"

"உங்க பொண்ணையும் இப்படித்தான் வளர்த்தீங்களா?"

"இவளா? பொறந்ததுலேருந்தே வாயில்லாப் பூச்சி. வீட்டுல இருக்கறதே தெரியாது. எனக்கு ஒரு தொந்தரவு கொடுத்ததில்ல."

அவர் முகத்தில் பெருமை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பள்ளி வாசலைத் தாண்டியதும் சொல்லிவிட்டாள்.

"அது பொறவிக் குணம் இல்லப்பா. நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

அவர் நின்றார். "தூங்காம ஓட்டியிருந்தா பஸ்ஸோட எல்லாரையும் கொன்னிருப்பேன்."

"தெரியும். முழிச்சப்புறம்? லீவு நாள்ல?"

"அந்தக் காலத்துல எந்த அப்பன்டி பிள்ளைங்களோட பேசினான்?" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதான் இப்ப இவகிட்ட சரி பண்றேன்ல?"

பசியோடு காத்திருந்தவள் ஒருத்தி. பந்தி விரித்தது வேறொருத்திக்கு. தன் வயிற்றில் பிறந்ததைப் பார்த்தே வயிறெரிகிறோமே என்று அவளுக்குக் கூசியது. ஆனாலும் எரிந்தது.

"தாத்தா, தூக்கு!"

தப்பித்தோம் என்பதுபோல் அவர் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். "அப்புறம் அந்த நரி என்ன பண்ணிச்சு தெரியுமா?" திரும்பிப் பார்க்கவில்லை.

குழந்தையின் பையைச் சுமந்தபடி அவள் தன்னையறியாமல் எட்டி நடந்தாள். நடுவில் ஒரு லாரி இரைந்துகொண்டு போயிற்று. அவள் நெருங்குவதற்குள் கதை முடிந்து, குழந்தை சிரிக்கத் தொடங்கியிருந்தது.