பன்னிரண்டாவது படம்

காப்பித் தோட்டம் பூத்து நிற்பதை இன்பமேரி படம் பிடிக்க வேண்டும். சரிவு முழுக்க ஒரேயடியாக வெள்ளையாகிவிடுமாமே, அதை. அந்தப் படத்தில் ஒரு மனித முகமும் இருக்கக் கூடாது. இது என்ன பெரிய காரியம் என்று கேட்பவர்கள் அவள் கணவர் ஞானசுந்தரத்தைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

ஞானசுந்தரம் சேலம் தாலுகா ஆபீசில் கிளார்க். வீட்டிலிருந்த பெட்டிக் கேமரா அவர் ஆளுகைக்கு உட்பட்டது. போட்டோ என்றால் அதில் ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிலிம் தண்டம் என்பது அவர் போட்டு வைத்த சட்டம். அதனால் இருபது வருஷமாக எந்த ஊருக்குப் போனாலும் எந்தப் பூச்செடியைக் கண்டாலும் இன்பமேரி அதன் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. ஊட்டி ரோஜா, பெங்களூர் டேலியா எல்லாவற்றையும் முதுகால் மறைத்துக்கொண்டு ஆல்பம் முழுக்க நிற்கிறாள். பூ எங்கே என்று கேட்டால் அவள் காதோரம் தெரியும் ரெண்டு இதழைக் காட்டலாம்.

அவளுக்குச் சேலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் டிரங்க் கால்களை இணைக்கிற வேலை. ஜன்னலில்லாத அறை, காதில் கருவி, நாளெல்லாம் ஊர் பேர் தெரியாதவர்களின் அவசரம். ஏற்காட்டுப் பக்கம் லைனில் இருந்தவள் அமலி. மூன்று வருஷத்துக்கு முன் அமலிதான் சொன்னாள்: கோடையின் முதல் மழை விழுந்தால் ஒன்பதாம் நாள் காப்பி பூக்கும், மூன்றே நாளில் வாடி உதிர்ந்துவிடும் என்று. அன்றைக்குப் பிடித்தது இந்த ஆசை. முதல் வருஷம் அமலி போட்ட கார்டு கைக்கு வந்தபோது பூவெல்லாம் உதிர்ந்திருந்தது. அடுத்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. இந்த எழுபத்து நாலில், ஒரு வியாபாரிக்கு லைன் கொடுக்கிற இடைவெளியில், இங்கே மழை கொட்டுகிறது என்று அமலி சொன்னாள். இன்பமேரி அப்போதே காலண்டரில் ஒன்பது எண்ணி, அந்த ஒரு நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

கிளம்பும்போதே பேச்சு: சுருளில் பன்னிரண்டு படம், அதில் மூன்று அவளுக்கு. ஞானசுந்தரம் தலையை ஆட்டினார். ஏற்காட்டு ஏரிக்கரையில் இறங்கியதும் அந்தத் தலை ஆட்டியதை மறந்துவிட்டது. படகுத்துறையில் நில்லு, காகிதப்பூ பக்கத்தில் நில்லு, கொஞ்சம் சிரி. இன்னும் நிறைய இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். ஒண்டிக்கடை முக்கில் டீ குடிக்கும்போது அவள் கேமராவைத் திருப்பி, அடுத்த படத்தின் எண்ணைக் காட்டும் பின்பக்கத்துச் சிவப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே பன்னிரண்டு என்று தெரிந்தது. ஒரே ஒரு படம்தான் மிச்சம்.

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நடுத்தெருவில் சண்டை போட்டால் ஒரு நாள் லீவும் சண்டையிலேயே போய்விடும். வாரைப் பிடித்துக் கேமராவைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு எஸ்டேட் பக்கம் நடந்தாள். ஞானசுந்தரம் குடையோடு பின்னால் வந்தார். கேமரா இல்லாத தோளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

தோட்டத்து கேட்டுக்குக் கால் மைல் முன்னாலேயே வாசனை வந்துவிட்டது, மல்லிகைக் கூடையைத் திறந்த மாதிரி. கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் காளியண்ணன் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அசையவில்லை. பூ விரிந்திருக்கும் நாளில் யாரும் உள்ளே போவதில்லையாம். வேலையாட்களைக்கூட வேறு பக்கம் அனுப்பிவிட்டார்களாம். தேனீ கலையக் கூடாது, பூவின் மேல் தோள் உரசினால் அந்தக் கிளையில் காய் பிடிக்காது.

"மொதலாளியே பூவு அடங்குற வரைக்கும் வெளியதான் நிக்கறாருங்க" என்றார்.

சரி, கேட் முன்னாடியாவது நில்லு, ஒரு படம் எடுத்துட்டுப் போயிரலாம் என்று ஞானசுந்தரம் கை நீட்டினார். அவள் கேமராவைத் தரவில்லை. காளியண்ணனிடம், உள்ளே போக மாட்டேன், ஒரு பூவையும் தொட மாட்டேன், எங்கே நின்றால் சரிவு முழுக்கத் தெரியும் என்று மட்டும் கேட்டாள். மழை விழுந்ததிலிருந்து நாள் எண்ணிக்கொண்டு வந்ததையும் சொன்னாள். அவர் அவளைப் புதிதாகப் பார்க்கிறவர் போலப் பார்த்தார். பிறகு, மேலே ரோடு திரும்புகிற இடத்தில் வேலிக்கு வெளியே ஒரு பாறை இருப்பதைச் சொன்னார்.

பாறைக்கு ஏறிச் சேர்வதற்குள் மூடுபனி வந்துவிட்டது. தோட்டமும் வெள்ளை, பனியும் வெள்ளை, ஒன்றும் தெரியவில்லை. தேனீக்களின் ரீங்காரம் மட்டும் கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. இன்பமேரி பாறையில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் போனது. ரெண்டு மணி நேரம் போனது. அஞ்சு மணிக்குக் கடைசி பஸ் என்று ஞானசுந்தரம் நாலு தடவை ஞாபகப்படுத்தினார். பஸ் போனால் நடந்தே சேலத்துக்கு இறங்கலாம் என்று அவள் சொன்ன தொனியைக் கேட்டு ஐந்தாம் தடவை சொல்லவில்லை.

நாலரைக்குக் காற்று திரும்பியது. பனி அடியிலிருந்து சுருண்டு ஏறி விலக, வரிசை வரிசையாகக் காப்பிச் செடிகள் கிளை தெரியாமல் பூத்து நின்றன. அவள் எழுந்து, கேமராவை வயிற்றோடு அணைத்துக் குனிந்து பார்த்தாள். கேமராவின் மேல் கண்ணாடியில் சரிவு முழுக்க வந்தது. அதன் நடுவில், சட்டைப் பொத்தானைச் சரிசெய்தபடி, பாறை விளிம்பில் ஞானசுந்தரம் வந்து நின்றார். அவர் கெட்ட எண்ணத்தில் வரவில்லை. கேமரா எடுத்தால் ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஏனுங்க, கொஞ்சம் தள்ளிக்குங்க."

"ஆளே இல்லாம எதுக்கு மேரி, கடைசிப் படம்?"

அவள் நிமிர்ந்தாள். குரல் உயரவில்லை.

"இருவது வருசமா நான் பூவ மறைச்சிக்கிட்டு நின்னேனுங்க. இன்னைக்கு ஒரு தடவ நீங்க நகருங்க."

ஞானசுந்தரம் அவளைப் பார்த்தார், திரும்பிப் பூவைப் பார்த்தார். ஆல்பத்தின் ஏதோ பக்கங்கள் அவர் மனசில் புரண்டிருக்க வேண்டும். குடையை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினாள்.

பஸ்ஸை ஓடிப் பிடித்தார்கள். பஸ் இருபது வளைவும் இறங்கியது. அடிவாரத்தில் அவர், கை ஆடாமல்தானே எடுத்தாய் என்று கேட்டார்.

படம் இப்போது கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. வலது ஓரத்தில் ஒரு குடையின் முனை தெரியும். வருகிறவர்களிடம் ஞானசுந்தரம் அதைத் தொட்டுக் காட்டி, அது நான்தான் என்பார். இதில் ஆளையே காணோமே, உங்கள் வீட்டுக்காரம்மா எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. அப்போது அவர் கொஞ்சம் விலகி நின்றுகொள்வார்.

"எடுத்தது நான்" என்பாள் இன்பமேரி.